புள்ளி மறைந்தபோது

கடலை அண்டி வாழ்பவனுக்கு, அக்கடலில் ஒரு துண்டைக் கிள்ளி எடுத்துவந்து வீட்டினுள் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை என்றாவது ஒருநாள் எழாமற் போகாது. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில், மாடிவீட்டின் இரண்டாந் தளத்தில் குடியிருக்கும் எமக்கும் அவ்வாசை எழுந்தது. 2016ஆம் ஆண்டில் நான்கடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டியொன்றை வாங்கினோம். உப்புநீர் நிரப்பிக் கற்களை அடுக்கி, சங்கினுட் புகுந்து வாழும் சிறு நண்டுகள் சிலவற்றையும் ஒரு சோடிக் கோமாளி மீன்களையும் அதில் விட்டோம். மஞ்சளும் கறுப்புமான உடலில் வெள்ளைப் பட்டைகள் அணிந்த அம்மீன்கள், எம் மகள் தொட்டியருகே வந்தாற் போதும், கண்ணாடியை முட்டிக்கொண்டு நிற்கும். கல்லூரியில் எம்முடன் பணிபுரியும் ஆசிரிய நண்பர்கள், “சைவச் சாப்பாட்டுக்காரர் வீட்டில் மீனா?” என்று கேலி செய்வார்கள். சட்டியில் இல்லாத மீனுக்குத் தடையில்லை என்று விடையிறுப்போம்.

நான்கு ஆண்டுகள் நலமே கழிந்தன. அந்த நான்கு ஆண்டுகளே எமக்கு ஆணவத்தைத் தந்தன போலும்.

2020ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. மீன் விற்கும் கடையொன்றில் வேறெதையோ வாங்கச் சென்ற நாம், அங்கே நீந்திக்கொண்டிருந்த மீனொன்றைக் கண்டு நின்றுவிட்டோம். வெளிறிய நீல உடல், கரிய முகம், வெண்ணிறக் கழுத்து, முதுகில் மஞ்சட் செட்டை. வாலடியில் சிறு கத்தி போன்ற முள்ளொன்று இருப்பதால் இக்குலத்து மீன்களைச் சத்திர வைத்தியர் என்றே ஆங்கிலேயர் அழைப்பர். இந்து சமுத்திரத்துப் பவளப் பாறைகளில் இது கூட்டங்கூட்டமாக மேயும். எம் தீவைச் சுற்றிய கடலிலும் உண்டு. காலையில் வாங்கினோம், பிற்பகலில் பெருந்தொட்டியில் விட்டோம்.

புதிய மீனைச் சில வாரங்கள் வேறாக வைத்திருந்த பின்னரே பழைய மீன்களுடன் சேர்க்க வேண்டும் என்பதை நாம் அறியாதவரல்லோம். நூல்களிற் படித்திருந்தோம். ஆயினும் மீன் துள்ளி விளையாடியது. உணவை ஓடிவந்து உண்டது. உடலில் ஒரு மறுவும் இல்லை. இத்துணை நலமான மீனை எதற்காக ஒதுக்கி வைப்பது என்று எம் மனமே எமக்கு வழக்கறிஞராக நின்று வாதாடியது. வழக்கில் வென்றோம்.

ஐந்தாம் நாள் மாலை, அந்த நீல உடலில் உப்புத் தூள் தூவியதுபோல் வெண்புள்ளிகள் சில தோன்றின. மீன் ஓயாது கல்லில் உடலை உராய்ந்தது. எமக்கு நெஞ்சு திக்கென்றது. ஆனால் எட்டாம் நாட் காலையில் எழுந்து பார்த்தால், புள்ளிகள் ஒன்றுமில்லை! அப்போது ஒன்பது வயதினளாக இருந்த எம் மகள், “அப்பா, புள்ளியெல்லாம் போய்விட்டது!” என்று கைகொட்டிக் குதித்தாள். அடுத்த வீட்டாரிடம் ஓடிச் சொன்னாள். அன்று வீட்டிற் பாயசம்.

பதின்மூன்றாம் நாள் புள்ளிகள் மீண்டும் வந்தன. இம்முறை எண்ண இயலவில்லை. கோமாளி மீன்களையும் அவை விட்டுவைக்கவில்லை. மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடின. இரண்டு நாளில் நீல மீன் மாண்டது. அடுத்த நான்கு நாட்களுள் கோமாளி மீன்கள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. மாடியிலிருந்த பூந்தொட்டியில் அவற்றைப் புதைத்துவிட்டு வந்த மகள் எம்மை நோக்கி, “புது மீன் நோயோடு வந்தது, சரி. பழைய மீன்கள் என்ன பிழை செய்தன அப்பா?” என்று கேட்டாள். வகுப்பறையில் இருபது ஆண்டுகளாகக் கேள்விகளுக்கு விடை சொல்லிப் பழகிய எமக்கு, அன்று நாவெழவில்லை.

நாம் கற்பிப்பது வரலாறு. ஆதலின், விலங்கியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரின் உதவியை நாடினோம். கடைசி மீன் இறந்த சிறிது நேரத்துக்குள் அதன் பூவிலிருந்து ஒரு சிறு துணுக்கை எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்த அவர், “சேர், வந்து பாருங்கள்” என்றார். உருண்டையான ஓர் உயிர், உடலெங்கும் நுண்மயிர்களை அசைத்தபடி, மெல்ல மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. அதனுள்ளே நான்கு மணிகளைக் கோத்ததுபோன்ற கரு மங்கலாகத் தெரிந்தது. மூன்று மீன்களின் உயிரைக் கொண்டுபோன கூற்றுவன், அரை மில்லிமீற்றர் அளவுகூட இல்லாத ஒற்றைக் கல உயிர்!

இதன் பெயர் கிரிப்டோகேரியோன். மறைந்த கரு என்பது அப்பெயரின் பொருள். 1930களில் ஜப்பானில் சிக்காமா என்பவர் இந்நோயை விவரித்தார். லண்டனில் பிரவுண் என்னும் ஆய்வாளர் 1951ஆம் ஆண்டில் இப்பெயரைச் சூட்டினார். மீன் வளர்ப்போர் இதனைக் கடல் வெண்புள்ளி நோய் என்பர்.

இவ்வுயிரின் வாழ்க்கையை அந்த ஆசிரியை எமக்கு விளக்கியபோதுதான், நாம் பாயசம் உண்ட நாளின் உண்மை புரிந்தது. மீனின் தோலுக்குள்ளும் பூவுக்குள்ளும் புகுந்துகொள்ளும் இவ்வொட்டுண்ணி, மூன்று முதல் ஏழு நாட்கள்வரை அங்கே தின்று கொழுக்கிறது. அதுவே நாம் காணும் வெண்புள்ளி. பின்னர், பெரும்பாலும் விடியுமுன் இருளில், மீனைவிட்டுத் தானாகவே இறங்கி, கல்லிலோ மணலிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி ஓர் உறையை அமைத்துக்கொள்கிறது. அந்த உறைக்குள் அது இரண்டாகி, நான்காகி, நூற்றுக்கணக்காகிறது. பெரும்பாலான உறைகள் 3 முதல் 28 நாட்களுக்குள் வெடிக்கும். 72ஆம் நாள்வரை காத்திருந்து வெடித்தவையும் உண்டு. வெளிவந்த குஞ்சுகள் ஓரிரு நாளைக்குள் ஒரு மீனைக் கண்டடைய வேண்டும்; இல்லையேல் அழியும்.

அப்படியானால், புள்ளிகள் மறைந்த அந்த எட்டாம் நாளில் நோய் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. கல்லிடுக்கில் உறைக்குள் இருந்து தன்னைப் பெருக்கிக்கொண்டிருந்தது. நாம் குணமென்று கொண்டாடியது, பகைவன் படை திரட்டிய நாளை.

“கடலிலும் இது இருக்கிறதல்லவா? அங்கே மீன்கள் இப்படிச் சாவதில்லையே?” என்று கேட்டோம். கடலில் ஒரு மீனைவிட்டு இறங்கும் ஒட்டுண்ணியின் குஞ்சுகள் பரந்த நீரில் சிதறிப்போகும். அவற்றுட் சிலவே வேறொரு மீனைச் சேரும். அங்கே மீனும் ஒட்டுண்ணியும் ஒருவாறு கூடி வாழ்கின்றன. நான்கடிப் பெட்டிக்குள்ளோ, பிறக்கும் குஞ்சு எத்திசையில் திரும்பினாலும் ஒரு மீன் நிற்கிறது. ஒட்டுண்ணியைக் கொலைகாரனாக்கியது அக்கண்ணாடிப் பெட்டியே. அது எமது பெட்டி.

மேலும், கடைக்கு வரும் மீனின் பயணத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். எம் தீவின் பவளப் பாறைகளில் வண்ண மீன் பிடிக்கும் தொழில் இன்று நேற்றுத் தொடங்கியதன்று. ஆர்தர் கிளார்க்குடன் இக்கடலில் மூழ்கியவரான றொட்னி ஜொங்க்லாஸ், கடல்வண்ண மீன்களைச் சேகரிக்கும் முறைபற்றி 1975ஆம் ஆண்டில் ஒரு நூலே எழுதி வெளியிட்டார். கிழக்குக் கரையிலோ தெற்குக் கரையிலோ மூழ்குவோரின் வலையிற் சிக்கும் மீன், தொட்டிக்குத் தொட்டி மாறி, பல இடத்து மீன்களுடன் நெருக்குண்டு, பிராணவாயு அடைத்த பொலித்தீன் பையில் வீதி வழியே குலுங்கிக் கொழும்பு வந்து சேர்கிறது. களைத்த உடலில் நோயெதிர்க்கும் ஆற்றல் குன்றும். நாம் கண்ட துள்ளல் அதன் நலத்துக்குச் சான்றாகாது.

நிற்க. இத்தனையும் அறிந்தபின் தொட்டியைக் கலைத்துவிட நாம் விரும்பவில்லை. மீன் இல்லாவிடின் ஒட்டுண்ணி பட்டினியால் அழியும். சங்கு நண்டுகளை அது தொடாது. ஆகவே நண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு, 76 நாட்கள் தொட்டியை மீனின்றி விட்டுவைக்கத் தீர்மானித்தோம். அந்நாட்களை எண்ணத் தொடங்கிய சில வாரங்களில், அதாவது 2020 மார்ச்சில், நாடே அடைபட்டது. பாடசாலைகள் மூடப்பட்டன, ஊரடங்கு வந்தது. அதுவரை மீன் வளர்ப்போருக்கும் துறைமுகத்தாருக்கும் மட்டுமே உரியதாக இருந்த ‘தனிமைப்படுத்தல்’ என்னும் சொல் குழந்தைகளின் வாயிலும் புழங்கலாயிற்று. வெனிசு நகரத்தார் கொள்ளைநோய்க்கு அஞ்சிக் கப்பல்களை நாற்பது நாட்கள் நிறுத்திவைத்ததிலிருந்து, நாற்பது என்னும் இத்தாலியச் சொல்லே அதற்குரிய ஆங்கிலச் சொல்லாயிற்று என்பதை இணையவழி வகுப்பில் மாணவருக்குச் சொன்னோம். அப்போது அது வெறும் வரலாறாகவே இருந்தது.

அவ்வாண்டு ஒக்டோபரில் அது வீட்டு வாசலுக்கு வந்தது. எம் அன்னையார் அந்நாளில் கொட்டாஞ்சேனையில், நாம் பிறந்து வளர்ந்த சிறு வீட்டிலேயே தனியே வாழ்ந்து வந்தார். வடகொழும்பின் பல பகுதிகளுடன் கொட்டாஞ்சேனையும் தனிமைப்படுத்தப்பட்டது. வெள்ளவத்தையிலிருந்து சில மைல் தொலைவே. ஆயினும் போக வழியில்லை. அவருக்கு நோயில்லை. நோயுண்டோ என்ற ஐயமுள்ள இடத்தில் வாழ்ந்தார், அவ்வளவே. மாலைதோறும் தொலைபேசியில் அழைப்போம். அடுத்த வீட்டுப் பெண் மதிலுக்கு மேலால் சோற்றுப் பாத்திரத்தை நீட்டுவதாகச் சொல்வார். ஒருநாள், “அடைத்து வைத்திருப்பது கஷ்டமாக இல்லையா அம்மா?” என்று கேட்டோம். “அடைத்து வைப்பது பெரிதில்லையடா மகனே. அடைத்தவர்கள் மறந்து போகாமல் இருக்க வேண்டும். அந்தப் பிள்ளை தினமும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுச் சோறு தருகிறாள். எனக்கு அது போதும்” என்றார்.

அதைத் தொடர்ந்து அவர் தம் தந்தையாரின் கதையை நினைவூட்டினார். எம் பாட்டனார் 1920களில், எட்டு வயதுச் சிறுவனாகத் தாய் தந்தையருடன் தோட்ட வேலைக்கென இலங்கைக்கு வந்தவர். அக்காலத்தில் தமிழகத்திலிருந்து வரும் தொழிலாளர் தனுஷ்கோடியில் கப்பலேறுமுன் மண்டபம் முகாமிற் சில நாட்கள் தங்கவைக்கப்பட்டனர். அம்மை குத்தினர், உடைகளைச் சுத்திகரித்தனர், கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்தனர். பாட்டனார் தம் முதுமையிலும் அந்த மருந்தின் நாற்றத்தை நினைத்து முகஞ் சுளிப்பார். கூடவே, கஞ்சி ஊற்றிய ஒருவர் ‘தம்பி’ என்று அழைத்து இன்னும் ஓர் அகப்பை ஊற்றியதையும் சொல்லாமல் விடமாட்டார்.

வரலாறு படித்த எமக்கு அக்கதையின் மறுபாதி தெரியும். மண்டபத்தில் புழு நீங்கிய மனிதர், தோட்டத்து லயங்களுக்கு வந்து சேர்ந்தனர். அங்கே பல லயங்களில் மலசலகூடம் இல்லை. கொக்கிப்புழுவின் குஞ்சு ஈர மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுவது. ஆகவே நீங்கிய புழு மீண்டும் ஏறிற்று. மனிதனுக்கு மருந்து கொடுத்தவர்கள் மண்ணை மறந்தார்கள். இதனைப் பாடமாக எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். 2020இல், மீனில்லாத தொட்டியின் எதிரே அமர்ந்திருந்தபோதுதான் அதன் பொருள் எமக்கு உறைத்தது. மீனை மட்டும் குணப்படுத்தி, உறைகள் ஒட்டிக்கிடக்கும் அதே கற்களின் நடுவே மீண்டும் விட்டால் அதுவும் லயத்துக்குத் திருப்பி அனுப்பியதாகவே முடியும்.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. அன்னையாரும் எம்முடன் வெள்ளவத்தைக்கு வந்துவிட்டார். மகளின் வேண்டுகோளுக்கு இணங்கி, 2022 மார்ச் 19ஆம் நாள் சனிக்கிழமை, கட்டைவிரல் நீளமுள்ள இரண்டு இளங் கோமாளி மீன்களை வாங்கினோம். இம்முறை அவை பெருந்தொட்டியின் பக்கமே போகவில்லை. நடைவழியில் இருபது லீற்றர் கொள்ளும் பிளாஸ்டிக் தொட்டியொன்றை வைத்து, மணலோ கல்லோ இடாமல், ஒளிந்துகொள்ள இரண்டு குழாய்த் துண்டுகளையும் காற்றுக் குமிழியையும் மட்டும் வைத்து, அதில் விட்டோம்.

வெண்புள்ளிக்கு மருத்துவம் பலவுண்டு. பழமையானது செம்பு. மயில்துத்தம் என்று நாம் சொல்லும் செப்புச் சல்பேற்றைக் கரைத்து, ஒரு லீற்றர் நீரில் 0.15 முதல் 0.20 மில்லிகிராம் செம்பு மூன்று வாரங்களேனும் நிலைத்திருக்குமாறு காக்க வேண்டும். குறைந்தால் ஒட்டுண்ணி பிழைக்கும். கூடினால் மீன் சாகும். நாள்தோறும் அளந்து பார்க்க வேண்டும். நண்டு, இறால், பவளம் முதலியவற்றுக்குச் செம்பு நஞ்சு. பவளக் கற்களோ அதனை உறிஞ்சி அளவைக் குலைத்துவிடும். ஆதலின் பெருந்தொட்டியில் ஒருபோதும் இடலாகாது. இரண்டாவது வழி, நீரின் உப்பைக் குறைப்பது. கடல் நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புண்டு; அதனைச் சிறிது சிறிதாக 15 கிராம் அளவுக்கு இறக்கி மூன்று வாரங்கள் வைத்தால், மீன் தாங்கும்; ஒட்டுண்ணியின் உறைகள் தாங்கா. எனினும் இதற்குத் தப்பும் வகைகளும் காணப்பட்டுள்ளன.

மூன்றாவது வழியில் மருந்தே இல்லை. மீனைவிட்டு இறங்கிய ஒட்டுண்ணி உறையமைத்து வெடிக்க மூன்று நாளேனும் ஆகும் அல்லவா? அதற்குள் மீனை வேறொரு தூய தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். இறங்கியவை பழைய தொட்டியில் தங்கிவிடும். அத்தொட்டியைக் கழுவி வெயிலில் நன்கு உலர்த்தினால் அவை அழியும். இவ்வாறு மூன்று நாளுக்கு ஒருமுறையாக நான்கு முறை மாற்றினால், பன்னிரண்டு நாட்களில் மீனின் உடலில் ஏறியிருந்தவை யாவும் இறங்கி முடியும். புதியவை ஏற வழியிராது. இதற்கு வேண்டியவை இரண்டு தொட்டிகளும் நூறு லீற்றர் உப்புநீரும் தவறாத மனிதனுமே. மூன்றாவதைத் தேடுவதுதான் கடினம்.

எம் மகள் நாட்காட்டியில் 22, 25, 28, 31 என்ற நாட்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டாள். முதல் நாள் மாலையே இருபது லீற்றர் நீரில் 700 கிராம் உப்பைக் கரைத்து வைப்பாள். இரவில் இறங்கும் ஒட்டுண்ணிகளும் பின்தங்கிவிட வேண்டும் என்பதற்காக விடிந்தபின் மாற்றுவோம். பழைய நீரில் ஒரு துளியும் புதிய தொட்டியிற் சேராதபடி கையையும் வலையையும் கழுவுவோம். மீன்களின் உடலில் ஒரு புள்ளியும் தோன்றவில்லை. ஒன்றும் தெரியாத மீனுக்கு இத்தனை பாடா என்று ஒருமுறை எமக்கே சலிப்புத் தட்டியது. “அப்பா, அந்த மீனுக்கும் முதலில் ஒன்றும் தெரியவில்லை” என்றாள் மகள். வாய் மூடினோம்.

அந்த மாத இறுதி எப்படி இருந்தது என்பதை இலங்கை வாழ் நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் வரிசை. நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு. மின்சாரம் நின்றால் காற்றுக் குமிழி நிற்கும். இருபது லீற்றர் நீரில் இரண்டு மீன்கள் நெடுநேரம் தாங்கா. மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்பி தேடினோம், கிடைக்கவில்லை. ஒரே வழி, நீரைக் கையால் மொண்டு உயரத்திலிருந்து மீண்டும் ஊற்றுவது.

நான்காம் மாற்றம் முடிந்த அன்று இரவு மின்சாரம் போயிற்று. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மகள் ஒரு மணிநேரம், நாம் ஒரு மணிநேரம், எம் துணைவியார் ஒரு மணிநேரம் என்று முறை வைத்து மொண்டு ஊற்றினோம். நாம் கண்ணயர்ந்து விழித்தபோது, அன்னையார் எழுந்து வந்து சிறு முக்காலியில் அமர்ந்து, பூசையறைச் செம்பைக் கையில் எடுத்திருந்தார். “பாட்டி! அது செம்பு! மீனுக்கு ஆகாது!” என்று மகள் பாய்ந்து வந்தாள். செம்பு கைமாறி எவர்சில்வர்க் குவளை வந்தது. “உங்கள் மீனுக்கு ஆசாரம் என் மாமியாரைவிட அதிகம்” என்று சொல்லிக்கொண்டே அன்னையார் நீரை மொண்டு ஊற்றினார். அந்த இருட்டில் நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பலநாட்களாக அவ்வீட்டிற் கேளாத சிரிப்பு அது. சிறிது நேரம் சென்றபின் அவர், “என் தகப்பனுக்குக் கஞ்சி ஊற்றிய அந்த மனிதர் யாரோ” என்று தமக்குத்தாமே சொன்னார்.

தொட்டி மாற்றும் முறை வெண்புள்ளிக்கே நல்லது. மாவைத் தூவியதுபோல் உடலிற் படர்ந்து சில நாட்களிலேயே கொல்லும் வேறொரு நோய்க்கும், தோலிலும் பூவிலும் ஒட்டும் தட்டைப் புழுக்களுக்கும் அது போதாது. ஆகவே கடைசித் தொட்டியிலும் மேலும் சில வாரங்கள் மீன்களைக் கவனித்து வந்தோம். ஒரு காலை, குளோரின் நீக்கி, வெப்பத்தையும் காரத்தன்மையையும் தொட்டி நீருக்குச் சமமாக்கிய நன்னீரில் ஐந்து நிமிடம் அவற்றை நீந்தவிட்டோம். கடலுயிரான தட்டைப் புழுக்கள் நன்னீரைத் தாங்கா. அதுவரை கண்ணாடிபோல் நிறமற்று மீனின் உடலோடு உடலாய் இருந்தவை, எள்ளுத்தோல்போல் வெளுத்து உதிர்ந்தன. எண்ணிப் பார்த்தோம், மூன்று. நலமென்று நாம் எண்ணியிருந்த மீனின் உடலில் மூன்று! அவற்றுக்கெனப் பிராசிகுவான்டெல் என்னும் மருந்தை லீற்றருக்கு 2.5 மில்லிகிராம் அளவில் இட்டு, அது முட்டைகளைக் கொல்லாது ஆதலால் ஒரு வாரம் கழித்து மறுமுறையும் இட்டோம். மனிதருக்கும் கால்நடைக்கும் நாடாப்புழுவுக்குக் கொடுக்கும் அதே மருந்து! மண்டபத்தில் முகஞ் சுளித்த சிறுவனை எண்ணிக்கொண்டோம். மருந்தின் பெயரை இங்கே எழுதியது அறிவதற்கே. அறிந்தவரைக் கேளாமல் எவரும் கையாண்டுவிட வேண்டாம்.

மே மாதத் தொடக்கத்தில் அம்மீன்கள் பெருந்தொட்டிக்குச் சென்றன. இன்றும் நலமே உள்ளன. மகள் அருகே வந்தால் கண்ணாடியை முட்டுகின்றன.

2020இல் அவள் கேட்ட கேள்விக்கு நாம் பின்னர் விடை கூறினோம். பழைய மீன்கள் பிழையேதும் செய்யவில்லை. புதிய மீனும் செய்யவில்லை. சில வாரம் பொறுக்க மாட்டாத எமது பிழை அது. அவள் சிறிது யோசித்து, “ஒதுக்கி வைத்தால் மீனுக்குக் கவலையாக இருக்கும் என்றுதானே அன்றைக்கு விட்டீர்கள்?” என்று எமக்குச் சாதகமாகவே பேசினாள். ஆம் என்று சொல்லிவிட்டு நழுவியிருக்கலாம். ஆனால் உண்மை அதுவன்று. ஒதுக்கி வைத்தால் நாள்தோறும் நீர் மாற்ற வேண்டும், பார்க்க வேண்டும், கவனிக்க வேண்டும். அந்த வேலைக்கு அஞ்சியே விட்டோம். அதனையும் அவளிடம் சொன்னோம்.

ஒருவரை ஒதுக்கி வைப்பவர் அவருக்கு முன்னினும் அதிகமாகப் பணிவிடை செய்யக் கடமைப்பட்டவர் என்பதை எம் அன்னையார் கொட்டாஞ்சேனையில் மதிலோரத்தில் நின்று கற்றார். நாம் ஒரு பிளாஸ்டிக் தொட்டியின் அருகே கற்றோம்.

நேயர்களுள் எவரேனும் கடல்மீன் வளர்க்க எண்ணினால், எமது வேண்டுகோள் ஒன்றே. கண்ணாடித் தொட்டி வாங்கும் அன்றைக்கே பிளாஸ்டிக் தொட்டிகள் இரண்டையும் வாங்கிவிடுங்கள். புதிய மீன் எவ்வளவு துள்ளினாலும் அதை முதலில் அவற்றில் வையுங்கள். வீட்டில் ஒரு குழந்தை இருந்தால், நாட்காட்டியையும் சிவப்பு மையையும் அக்குழந்தையிடம் கொடுத்துவிடுங்கள். பெரியவர்களாகிய நாம் மறந்தாலும் அது மறவாது.